24 வோல்ட் ‘முழுத் தொகுப்பு’ சூரிய மின் அமைப்பு: மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பிந்தைய மதிப்புரை

பொது மின் இணைப்பு எட்டாத வீடு ஒன்றுக்காக, பேனல் முதல் பேட்டரி வரை அனைத்தும் ஒரே விலையில் வரும் ‘முழுத் தொகுப்பு’ ஒன்றை மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். 60 செல்கள் கொண்ட 300 வாட் பேனல்கள் இரண்டு, பேனலின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்திப் பேட்டரிக்கு அனுப்பும் 40 ஆம்பியர் பி.டபிள்யூ.எம். வகைச் சார்ஜ் கன்ட்ரோலர், தொடராக இணைத்தால் 24 வோல்ட் தரும் 12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் ஈய அமில பேட்டரிகள் இரண்டு, பேட்டரி மின்சாரத்தை வீட்டுக்கான ஏ.சி. ஆக்கும் 2,000 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) சைன்வேவ் இன்வெர்ட்டர் ஆகியவை அதில் இருந்தன. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் இவற்றில் எதையும் மட்டமான சரக்கு என்று சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் இன்றும் சத்தமின்றி ஓடுகிறது. ஆனால் தொகுப்பாக வாங்குபவர், இவை ஒன்றோடொன்று பொருந்துமா என்று விற்பவர் கணக்குப் பார்த்திருப்பார் என நம்பித்தான் வாங்குகிறார். அந்தக் கணக்கு இங்கே போடப்படவே இல்லை.

பேனலிலிருந்தே தொடங்கலாம். 60 செல் பேனல் தன் முழுத் திறனைத் தரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 32 வோல்ட். 24 வோல்ட் பேட்டரி வரிசையை நிரப்ப 28.8 வோல்ட் போதும் என்பதால் காகிதத்தில் இது பொருத்தமாகவே தெரிகிறது. ஆயினும் அந்த 32 வோல்ட், செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது அளக்கப்பட்டது. நல்ல வெயிலில் செல் 65 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 விழுக்காடு குறைந்து, அது 27 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் பேனலையும் பேட்டரியையும் நேராக இணைக்கும் சுவிட்ச் போன்றதே என்பதால், அதனால் மின்னழுத்தத்தை உயர்த்தித் தர இயலாது. எனவே பேட்டரி நிரம்புகிற கடைசிக் கட்டத்தில், வெயில் உச்சத்தில் இருக்கும் அதே நேரத்தில், கரண்ட் சரிந்துபோகும். மின்னழுத்தம் இதைவிடக் கூடிய 72 செல் பேனல் கொடுத்திருந்தால் இந்தக் கன்ட்ரோலரே ஓரளவு சமாளித்திருக்கும்.

ஈய அமில பேட்டரிக்கு அரைகுறைச் சார்ஜைவிடக் கொடியது வேறில்லை. தகடுகளில் ஈயச் சல்பேட் இறுகிப் படிந்து, கொள்ளளவு மெல்ல மெல்லக் குறையும். பதினான்காம் மாதத்தில் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தபோது, முழுச் சார்ஜில் 1.24 இருக்க வேண்டிய அடர்த்தி ஒரு பேட்டரியில் 1.17 ஆக இருந்தது. விற்ற நிறுவனத்தின் தொழில்நுட்பர் இருமுறை வந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிவிட்டுப் போனார். மூன்றாம் முறை, உத்தரவாதத்தின்படி அந்த ஒரு பேட்டரியை மட்டும் மாற்றினார். அப்போது அதைச் சலுகையாகவே நினைத்தேன். இப்போது யோசித்தால், உத்தரவாதமே இல்லாதிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றிப் பிழைத்திருப்பேன்.

தொடர் இணைப்பில் இரண்டு பேட்டரிகளின் வழியாகவும் ஒரே கரண்ட்தான் ஓடும். கொள்ளளவு குறைந்த பழையது முந்தி நிரம்பித் தன் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொள்ளும். கன்ட்ரோலரோ இரண்டின் கூட்டுத்தொகையை மட்டுமே பார்க்கும். பேனலின் கூடுதல் மின்னழுத்தத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எம்.பி.பி.டி. வகைக் கன்ட்ரோலர் ஒன்றை என் செலவில் வாங்கி மாட்டிய பிறகு அளந்து பார்த்தேன்: மொத்தம் 28.8 வோல்ட், ஆனால் பழைய பேட்டரியில் 15.4, புதியதில் 13.4. முன்னது கொதித்து நீரை இழந்துகொண்டிருக்க, பின்னது நிரம்பாமலே நாள் கழித்தது. ஓராண்டுக்குள் புதியதும் தளர்ந்துவிட்டது.

அடுத்ததாக அதே நிறுவனம் 25.6 வோல்ட் 100 ஏ.எச். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைப் பரிந்துரைத்தது. “பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் போதும்” என்றார்கள். பேட்டரி மிக நல்லது. அந்த வாக்கியம்தான் தவறு. ஈய பேட்டரிக்கென அமைக்கப்பட்டிருந்த கன்ட்ரோலர் மாதம் ஒருமுறை, செல்களைச் சமநிலைக்குக் கொண்டுவரக் கூடுதலாக ஏற்றும் ‘சமப்படுத்தும் சார்ஜு’க்காக, 29.6 வோல்ட்டுக்கு ஏறும். எட்டு செல்களுக்கும் தலா 3.65 வோல்ட் என்று வைத்தால் லித்தியத்தின் உச்சவரம்பு 29.2. அந்த எல்லையில் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றான பி.எம்.எஸ். இணைப்பைத் துண்டித்தது; தாங்கிப் பிடிக்கப் பேட்டரி இல்லாத கணத்தில் கன்ட்ரோலரின் வெளியீடு எகிறி, இன்வெர்ட்டர் அலறி நின்றது; டி.சி. விளக்குகள் இரண்டு கருகின. கீழ் எல்லையிலும் இதே கதை. இன்வெர்ட்டர் 21 வோல்ட்டில்தான் நிற்கும். அது செல்லுக்கு 2.6 வோல்ட், அதாவது பேட்டரி ஏறத்தாழ வற்றிய நிலை.

இப்போது பேட்டரியை நிரப்பும் உறிஞ்சு கட்டத்தை 28.4, நிரம்பிய பின் அதே நிலையில் வைத்திருக்கும் மிதவைக் கட்டத்தை 27, இன்வெர்ட்டரின் கீழ்வரம்பை 24 வோல்ட் என வைத்திருக்கிறேன். சமப்படுத்தும் சார்ஜையும், வெப்பநிலைக்கேற்பச் சார்ஜ் மின்னழுத்தத்தை மாற்றும் வெப்ப ஈடுசெய்தலையும் நிறுத்திவிட்டேன். இருப்பு 80 விழுக்காட்டிலிருந்து 30க்கு இறங்கினாலும் லித்தியத்தின் மின்னழுத்தம் ஒரு வோல்ட்கூட மாறாது என்பதால், இன்வெர்ட்டர் முகப்பில் உள்ள பேட்டரிக் கோடுகள் வெறும் அலங்காரமே. உள்ளே வெளியே ஓடும் கரண்டைக் கணக்கிட, ஷண்ட் எனும் சிறு மின்தடை வைத்த மீட்டர் ஒன்று தேவைப்பட்டது. எம்.பி.பி.டி.க்காகப் பேனல்களைத் தொடராக இணைத்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்து, சுமை எதுவும் இல்லாத திறந்த நிலையில் 79 வோல்ட் வரும். மூன்று பேனல் என்றால் இது 118ஐத் தாண்டும், குளிரில் இன்னும் கூடும் என்பதால், 100 வோல்ட் வரம்புள்ள இந்தக் கன்ட்ரோலரில் மூன்றாவது பேனலை அதே தொடரில் சேர்க்க வழியில்லை.

கம்பியைப் பற்றியும் ஒரு சொல். தொகுப்பில் வந்த 10 சதுர மில்லிமீட்டர் பேட்டரிக் கம்பியில், முழுச்சுமையில் அரை வோல்ட் வீணானது. 35 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினேன். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே ஃபியூஸ் எதுவும் வைக்காமல் ஒரு லித்தியம் பேட்டரியை வீட்டுக்குள் பொருத்திவிட்டுப் போனதைக் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லி விட முடியவில்லை.

பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் தயங்காமல் நல்ல மதிப்பெண் தருவேன். தொகுப்பாக இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தீராத பொருத்தமின்மை ஒன்று இன்னும் இருக்கிறது. பி.எம்.எஸ். தொடர்ந்து தாங்குவது 100 ஆம்பியர். இரவில் ஃபிரிட்ஜும் பிற சுமைகளும் ஓடும்போது அரைக் குதிரைத்திறன் பம்ப் கிளம்பினால் அதன் தொடக்க இழுப்பு அந்த வரம்பைத் தாண்டி, வீடே இருண்டுவிடுகிறது. ஆகவே பம்பை நண்பகலில் மட்டும் போடுகிறோம். அப்போது தேவைப்படும் கரண்டில் 20 ஆம்பியர் வரை பேனலிலிருந்தே வந்துவிடுகிறது.