"கண்ணாடி மேக்கப் கறை நீக்கி" எண்டு விக்கிற கானை வேண்டாதேங்கோ: 14,500 ரூபாய் போச்சு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியாப் பக்கம் மணப்பெண் அலங்காரம் செய்யிற ஆக்கள், வீட்டில பெரிய நிலைக்கண்ணாடி வைச்சிருக்கிற ஆக்கள் எல்லாரும் இதை வாசிச்சிட்டுப் போங்கோ. சமூக வலைத்தளப் பக்கம் ஒண்டில "மேக்கப் கறை நீக்கி" எண்டு அஞ்சு லீற்றர் கான் விக்கினம். விலை 14,500 ரூபாய். கானுக்குள்ள இருக்கிறது அசிட். எங்கட அலங்கார அறையில கண்ணாடியளின்ர கீழ் விளிம்பு கறுத்துப் போச்சு, அலுமினியச் சட்டம் வெள்ளை பூத்துப் போச்சு, 14,500 ரூபாயும் போச்சு.

இந்த வேலையில இருக்கிற எல்லாருக்கும் தெரியும், கண்ணாடியில பெரிய கரைச்சல் லிப்ஸ்டிக் இல்லை, ஹெயர் ஸ்பிரே. அது காய்ஞ்சால் பிசின். கொண்டை போடேக்க அடிக்கிறது கண்ணாடியில படியும், அதுக்கு மேல பவுடர் ஒட்டும், அதுக்கு மேல கிரவல் றோட்டுப் புழுதி ஒட்டும். சவர்க்காரத் தண்ணிக்கு அசையாது. சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டுக்கு (காயம் துடைக்கிற ஸ்பிரிட்) கரையும், ஆனா சுவர் நீளத்துக்குக் கண்ணாடி இருக்கிற இடத்தில, கலியாண மாதத்தில, அது கையை முறிக்கிற வேலை. கான் விக்கிற ஆள் சரியா அந்த இடத்தைத்தான் பிடிச்சார்.

குரல் பதிவில வடிவாக் கதைச்சார். "அக்கா, இதில அசிட்டும் இல்லை, அமோனியாவும் இல்லை." கேட்டதுக்குச் சொன்ன பதில் அது. கேக்காமலே இன்னொண்டும் சொன்னார்: "விளிம்பில பட்டாலும் ரசம் போகாது அக்கா, பயப்பிடாதேங்கோ." ரசம் எண்டது கண்ணாடிக்குப் பின்னால இருக்கிற வெள்ளிப்பூச்சு. நம்பிக்கை வந்தது அந்த ஒரு வசனத்தில. கண்ணாடி விளிம்பில இருந்துதான் பழுதாகும் எண்டது தொழில் தெரிஞ்ச ஆளுக்குத்தான் தெரியும். தெரிஞ்சு கொண்டுதான் பொய் சொல்லியிருக்கிறார், அதுதான் இன்னும் வயிறு எரியுது. பொருள் கைக்கு வந்த பிறகு காசு தாறம் எண்டதுக்கு, வன்னிக்கு அந்த வசதி இல்லையாம், முதலே வங்கியில போடட்டாம். போட்டது 14,500 ரூபாய்.

கான் வந்துது. லேபலில ஒரு பெண்ணின்ர படமும் ஒரு எலுமிச்சம்பழமும். செய்த ஆளின்ர பேர், விலாசம், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, உள்ளுக்கு என்ன இருக்கு எண்டது, ஒண்டும் இல்லை. அவர் சொன்ன மாதிரியே அடிச்சுத் துடைச்சது. கறை போனது உண்மை. அடுத்த நாள் விடிய, கீழ் விளிம்பில கறுப்புப் புள்ளி புள்ளியா ஏறி நிண்டுது.

பிறகு ஒரு சொட்டில ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டால், பொங்கி நுரைச்சுது. சீமெந்துத் தரையில விட்டால் அங்கேயும் நுரைச்சு, அந்த இடம் சொரசொரப்பாப் போச்சு. அப்பிடி நுரைக்கிறது அசிட்டுத்தான். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில ஒரு காலம் காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த பூமி இது. அசிட் எது எண்டு எங்களுக்கு ஆரும் மறைக்கேலாது.

ஏன் விளிம்பு கறுக்குது? முகம் பார்க்கிற கண்ணாடியில முன்னுக்கு இருக்கிறது வெறும் கண்ணாடி. பின்னுக்கு மெல்லிய வெள்ளிப்பூச்சு, கனக்கக் கண்ணாடியில அதுக்கு மேல செம்புப்பூச்சு, அதுக்கு மேல பெயின்ற். முன்பக்கம் அசிட் பட்டால் கண்ணாடிக்கு உடனே ஒண்டும் ஆகாது, அதாலதான் விக்கிறவர் வீடியோவில துணிஞ்சு துடைச்சுக் காட்டுறார். ஆனா திரவம் கீழ வழிஞ்சு சட்டத்தின்ர பள்ளத்தில தேங்கும். வெட்டின விளிம்பில பெயின்ற் மூடாத இடத்தால உள்ளுக்கு ஊறும். செம்பும் வெள்ளியும் அரிபடும், பெயின்ற் கழரும். அமோனியா கூடின திரவமும், பிளீச்சும் இதே வேலையைத்தான் செய்யும். கறுத்த ரசத்தைத் துடைச்சுத் திருப்ப ஏலாது. கண்ணாடிக் கடையில குடுத்து அந்த ஓரத்தை வெட்டி எடுக்கலாம், இல்லாட்டி அகலமான சட்டம் போட்டு மறைக்கலாம். 

இனிக் காசைத் திருப்பிக் கேக்க அவர் சடைஞ்ச கதை. முதல் "பார்த்துச் சொல்லுறன் அக்கா". பிறகு கூரியர்காரர் கானை மாத்திப் போட்டினமாம். பிறகு கானை எங்கட செலவில திருப்பி அனுப்பட்டாம், விலாசம் கேட்டால் விலாசம் இல்லை. கடைசியாச் சொன்னதுதான் பொறுக்கேலாத கதை: "உங்கட வன்னித் தண்ணி கல்லுத் தண்ணி, அதாலதான் கண்ணாடி கறுத்தது." எங்கட கிணத்துத் தண்ணி பல இடத்தில கல்லுத் தண்ணிதான், ஒப்புக்கொள்ளுறம். கல்லுத் தண்ணி செய்யிறது என்ன? காய்ஞ்ச இடத்தில சுண்ணாம்பு வெள்ளையாப் படியும். அது முன்பக்கத்தில, துளி விழுந்த இடத்தில, கையால தடவினால் நறநறக்கும். பின்பக்க வெள்ளியை ஒரு இரவில கறுப்பாக்காது. வெள்ளைக் கறைக்கும் கறுத்த ரசத்துக்கும் வித்தியாசம் தெரியாத சனம் எண்டு நினைச்சுத்தான் அந்தக் கதை. இதைக் கேட்டு எழுதின கருத்தை அழிச்சார், பிறகு எங்களையே அந்தப் பக்கத்தில இருந்து தடுத்தார். 14,500 ரூபாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

14,500 ரூபாய்க்குப் பதிலாச் சில நூறு ரூபாயில இந்த வேலை முடியும். முதல் காய்ஞ்ச மைக்ரோஃபைபர் துணியால பவுடரைத் தட்டி எடுக்கோணும். ஈரத்துணியோட தொடங்கினால் பவுடரும் ஃபவுண்டேஷனும் குழைஞ்சு களியா இழுபடும். பிறகு அரை லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணிக்குப் பாத்திரம் கழுவுற திரவம் கால் தேக்கரண்டி, அதுக்கு மேல வேண்டாம், கூடினால் மங்கல் படலம் நிக்கும். துணியை நல்லாப் பிழிஞ்சு மேல இருந்து கீழ துடையுங்கோ. தண்ணி ஆர்ஓ தண்ணி (இயந்திரத்தில வடிகட்டின தண்ணி), இல்லாட்டி மழைத்தண்ணி. கிணத்துத் தண்ணியால கழுவினால் காய முதலே துடைக்கோணும்.

ஹெயர் ஸ்பிரேக்கு சேர்ஜிக்கல் ஸ்பிரிட். துணியில நனைச்சு, உள்ளங்கை அளவு இடத்தில அரை நிமிசம் ஒத்திப் பிடிச்சு, துணியின்ர மற்றப் பக்கத்தால துடைக்கோணும். அழுக்கான பக்கத்தாலயே திருப்பித் தேய்ச்சால் கரைஞ்ச பிசின் திரும்பப் பூசுப்படும், அதைத்தான் கனபேர் "போகுதில்லை" எண்டு சொல்லுறது. முடி நேராக்கிற இயந்திரம், விளக்கு, ஊதுபத்தி பக்கத்தில இருந்தால் ஸ்பிரிட்டைத் திறக்காதேங்கோ, பத்தும்.

நாள் முழுக்க நிக்கிற மாட் லிப்ஸ்டிக்குக்கும் தண்ணிக்குப் போகாத மஸ்காராவுக்கும் ஸ்பிரிட்டை விட எண்ணெய் நல்லம். பஞ்சில ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய், ரெண்டு நிமிசம் விட்டுத் துடைச்சு, பிறகு சவர்க்காரத் தண்ணி, கடைசியா ஸ்பிரிட். எண்ணெயை அப்பிடியே விட்டால் புழுதி வந்து குந்தும். இமை ஒட்டுற பசையை நனைக்காதேங்கோ, காய விட்டுப் பழைய பிளாஸ்டிக் அட்டையால நெம்பினால் உரிஞ்சு வரும். நகப்பூச்சு எண்டால் காது துடைக்கிற பஞ்சுக்குச்சியில அசிற்றோன், ஆனா பிளாஸ்டிக் சட்டத்திலயும் அக்ரிலிக் கண்ணாடியிலயும் அது படக்கூடாது, உருகி மங்கிப் போகும். சுண்ணாம்பு வெள்ளைக்கு வினாகிரி ஒரு பங்கு, தண்ணி மூண்டு பங்கு, நடுப்பகுதியில மட்டும். வினாகிரியும் அசிட்தான், விளிம்புக்குக் கொண்டு போகாதேங்கோ. யன்னல் கண்ணாடிக்குப் பின்னால ரசம் இல்லை, இந்தப் பயமும் இல்லை.

எழுத இன்னும் கிடக்கு, இப்ப இவ்வளவுதான். எந்தத் திரவத்தையும் கண்ணாடியில அடிக்காதேங்கோ, துணியில அடியுங்கோ. லேபலில செய்த ஆளின்ர விலாசம் இல்லாட்டி வேண்டாதேங்கோ. முதலே காசு போடாதேங்கோ. போட்டிருந்தால் வங்கிச் சிட்டை, குரல் பதிவு, கானின்ர படம் மூண்டையும் பத்திரமா வைச்சுப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 எண்ட இலக்கத்துக்கு ஃபோன் அடியுங்கோ. ஏற்கெனவே அந்தக் கானை வேண்டி வைச்சிருக்கிற ஆக்கள் அதைப் பிளீச்சோட கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும், மூடின அறையில உயிருக்கே ஆபத்து.