அம்புக்குறி போட்ட ஸ்பீக்கர் வயர்: 38,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்

சென்னையில் ஹை-எண்ட் ஆடியோ விற்கும் ஒரு கடையில் மூன்று மீட்டர் ஸ்பீக்கர் வயர் ஒரு ஜோடி வாங்கினேன். 38,000 ரூபாய். செம்பைக் கம்பியாக இழுக்கும்போது அதன் படிகங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடுமாம். அதனால் அம்பு ஸ்பீக்கரைப் பார்த்து இருந்தால்தான் ஒலி தெளிவாக வருமாம். கடையில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள், எனக்கும் வித்தியாசம் கேட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் வால்யூமை வைத்தது கடைக்காரர்தான். சத்தம் துளி கூடினாலே காதுக்கு அது நல்ல ஒலியாகப் படும். அப்போது எனக்கு இது உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் அவரேதான். உட்கார்ந்து இரண்டு பாட்டு கேட்டு, "பார்த்தீங்களா சார்" என்றார்.

மூன்று வாரம் கழித்து தூசி தட்டும்போதுதான் கவனித்தேன். இடது வயரில் அம்பு ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து இருந்தது! விரலால் தள்ளினேன், அம்பு அச்சடித்த பிளாஸ்டிக் உறை வயர்மேல் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. போன் செய்தால், "அதான் சார், லெஃப்ட் கொஞ்சம் டல்லா இருந்திருக்கும்" என்கிறார். அவர் காதுக்கே அன்று தெரியவில்லையே?

தம்பியை நாணயம் சுண்டிப்போட்டு வயரைத் திருப்பி மாட்டச் சொன்னேன். நான் பார்க்காமல் கேட்டு, அம்பு எந்தப் பக்கம் என்று சொன்னேன். 16 முறையில் 7 தான் சரி.

ஸ்பீக்கருக்குப் போவது ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். 1,000 ஹெர்ட்ஸ் ஒலி என்றால் ஒரு நொடியில் ஆயிரம் தடவை முன்னே போய் ஆயிரம் தடவை திரும்பி வரும். ஒரு பக்கம் மட்டும் நன்றாகக் கடத்தினால் அது டயோடு, பாட்டே சிதைந்துவிடும். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியே மூன்று மீட்டருக்குப் போக வர மின்தடை 0.04 ஓம் தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆம்ப்ளிஃபயருக்கு வரும் சில சிக்னல் கேபிள்களில் இரைச்சலைத் தடுக்க மேலே சுற்றிய உலோக உறையை (ஷீல்டு) ஒரு முனையில் மட்டும் இணைத்திருப்பார்கள். அங்கே அம்புக்கு அர்த்தம் உண்டு. ஸ்பீக்கர் வயரில் அந்த வேலையே கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வெட்டிக் கொடுத்த வயரை வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். சரி என்று நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டேன், பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். வாங்கும்போதே ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். என் கையில் இருப்பது எஸ்டிமேட் என்று எழுதிய துண்டுச் சீட்டு மட்டும்தான்.