செவ்வாயின் நிலவியலைப் படிக்க: ஹைரைஸா, சிடிஎக்ஸா?

செவ்வாயின் பாறைகள்மேல் ஆர்வம் வந்தவர்கள் முதலில் போய் நிற்பது, செவ்வாயைச் சுற்றிவரும் விண்கலத்தில் உள்ள ஹைரைஸ் கேமராவின் படங்களுக்கு முன்னால்தான். அடுக்கடுக்கான பாறை, அலையலையான மணல்மேடு, நடுவே நீல வண்ணம். பார்க்க அலுக்காது. ஆனால் ஒரே ஒரு கேமராவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், என் ஓட்டு அதற்கு இல்லை. அதே விண்கலத்தில் அதன் கூடவே பறக்கும் சிடிஎக்ஸ் என்ற கறுப்பு வெள்ளைக் கேமராவுக்குத்தான்.

இரண்டும் 2006இல் செவ்வாயை அடைந்த மார்ஸ் ரீகானசன்ஸ் ஆர்பிட்டரில் இருப்பவை. ஹைரைஸ் அரை மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி. சுமார் 300 கி.மீ. உயரத்திலிருந்து ஒரு பிக்சலுக்கு 25 முதல் 30 செ.மீ. வரை காட்டும். ஒரு மேசை அளவுப் பாறையைக்கூட அடையாளம் கண்டுவிடலாம். இதற்கு விலையும் உண்டு. படத்தின் அகலம் 6 கி.மீ.தான், வண்ணம் அதிலும் நடுவே 1.2 கி.மீ. மட்டும். இத்தனை ஆண்டுகளாகப் படமெடுத்தும் செவ்வாயின் பரப்பில் சில சதவீதத்தைத்தான் அது பார்த்திருக்கிறது. சிடிஎக்ஸ் பிக்சலுக்கு 6 மீட்டர், அகலம் 30 கி.மீ. ஏறக்குறைய முழுக் கோளையும் முடித்துவிட்டது. அந்தப் படங்களை ஒட்டுத் தெரியாமல் இணைத்து கால்டெக் குழு 2023இல் வெளியிட்ட வரைபடத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்து உலவலாம்.

அகலம் ஏன் அவ்வளவு முக்கியம்? பெர்சிவரன்ஸ் ஊர்தி 2021இல் இறங்கிய ஜெஸீரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 45 கி.மீ. விட்டமுள்ள கிண்ணக்குழி அது. மேற்கு விளிம்பை உடைத்துக்கொண்டு ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு உள்ளே வருகிறது, வந்த இடத்தில் டெல்டா விரிகிறது, கிழக்குப் பக்கம் இன்னொரு பள்ளத்தாக்கு வெளியே போகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான், குழி நிரம்பி வழியும் அளவுக்கு அங்கே ஏரி இருந்தது என்று சொல்ல முடியும். ஹைரைஸின் ஒரு பட்டையில் டெல்டாவின் ஒரு துண்டுதான் கிடைக்கும். கோபுரத்தின் ஒரு சிற்பத்தை மட்டும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுக் கோபுரத்துக்கு எத்தனை நிலை என்று சொல்ல முடியாது, இல்லையா?

சரி, ஹைரைஸ் வெறும் அழகுக்குத்தானா? அப்படிச் சொன்னால் அநியாயம். செங்குத்தான சரிவுகளில் வெயில் காலத்தில் நீண்டு, குளிர் வந்ததும் மறைகிற கருங்கோடுகளை 2011இல் அறிவித்தார்கள். பெரும்பாலும் சில மீட்டர் அகலமே உள்ள அந்தக் கோடுகள் சிடிஎக்ஸில் சிக்குவது கடினம். 2015இல் அங்கே நீரேறிய உப்புகள் இருப்பதாக ஓர் ஆய்வு வந்ததும், 'செவ்வாயில் ஓடும் தண்ணீர்' என்று உலகமே பேசியது. 2017இல் ஹைரைஸ் படங்களிலிருந்தே உயர வரைபடம் செய்து சரிவுகளை அளந்தார்கள். கோடுகள் சுமார் 27 பாகைக்கு மேல் செங்குத்தான இடங்களில் மட்டுமே இருந்தன. தண்ணீரென்றால் சரிவு குறைந்த இடத்திலும் கொஞ்ச தூரம் ஓடியிருக்கும். உலர்ந்த மணல் சரிவதாகக் கொண்டால்தான் கணக்கு பொருந்தியது. கேள்வியை எழுப்பியதும், பதிலைத் திருத்தியதும் அதே கேமரா.

ஆனாலும் புதிதாக ஒன்றைத் தேடிப் பிடிப்பதில் சிடிஎக்ஸுக்குத்தான் கை ஓங்கும். 2021 டிசம்பர் 24 அன்று, செவ்வாய்த் தரையில் இறங்கியிருந்த இன்சைட் கலம் பெரிய அதிர்வு ஒன்றைப் பதிவு செய்தது. அமேசானிஸ் சமவெளியில் சுமார் 150 மீட்டர் அகலத்துக்குப் புதுக் குழி விழுந்திருப்பதைப் பின்னர் சிடிஎக்ஸ் படத்தில் கண்டார்கள். சிடிஎக்ஸ் இருக்கும் அதே ஆர்பிட்டரின் வானிலைக் கேமரா எடுத்த தினசரிப் படங்களை வைத்து விழுந்த நாளை உறுதிசெய்தார்கள். அப்புறம்தான் ஹைரைஸ் குறிபார்த்து, குழியைச் சுற்றி வெண்மையாகச் சிதறிய பனிக்கட்டிகளைக் காட்டியது.

உயரம்தான் உங்கள் கேள்வி என்றால், ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸில் உள்ள எச்ஆர்எஸ்சி என்ற ஜெர்மன் கேமராவைப் பாருங்கள். பிக்சலுக்குச் சுமார் 10 மீட்டர்தான், ஆனால் ஒரே பறப்பில் முன்னும் பின்னும் நேர்கீழும் பார்த்து முப்பரிமாணத்தைத் தந்துவிடும். மற்ற இரண்டும் அதே இடத்துக்கு இன்னொரு நாள் திரும்பி வர வேண்டும். அதற்குள் தூசியோ வெளிச்சமோ மாறியிருக்கலாம். இன்னொரு வசதியும் உண்டு. அந்த இரண்டும் இருக்கும் அமெரிக்கக் கலம் எப்போதும் உள்ளூர் நேரம் பிற்பகல் மூன்று மணி வாக்கில்தான் கடக்கும். மார்ஸ் எக்ஸ்பிரஸுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது எடுத்த படத்தில், நடுப்பகலில் தெரியாத தாழ்ந்த மேடுகள்கூட நிழலோடு எழுந்து நிற்கும். (வடக்கை மேலே வைத்த ஹைரைஸ், சிடிஎக்ஸ் படங்களில் வெயில் பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்து விழும். இதை மறந்தால் குழி குன்றாகத் தெரியும்.)

வண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹைரைஸின் நீலம் நிஜ நீலம் இல்லை. அகச்சிவப்பையும் சேர்த்துக் கலந்து, ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக நிற வேறுபாட்டைக் கூட்டியது. இரண்டு படங்களில் ஒரே நிறம் தெரிந்தால் ஒரே பாறை என்று எழுதிவிடாதீர்கள். கனிமம் தெரிய வேண்டுமென்றால் கிரிஸம் நிறமாலைமானியின் தரவுதான் வழி. ஜெஸீரோவின் களிமண்ணும் கார்பனேட்டும் தெரிந்தது அதில்தான்.

நம் மங்கள்யான்? 2014இல் போய்ச் சேர்ந்த அதன் சிறிய வண்ணக் கேமரா, நீள்வட்டத்தின் கோடியில் சுமார் 77,000 கி.மீ. தொலைவிலிருந்து முழுக் கோளையும் ஒரே சட்டகத்தில் எடுத்தது. மேகத்துக்கும் புழுதிப் புயலுக்கும் அது அருமை. பாறை அடுக்கைப் படிக்க அதை யாரும் முதலில் எடுக்க மாட்டார்கள்.

தெமிஸை மட்டும் விட்டுவிடக் கூடாது. 2001இல் கிளம்பிய மார்ஸ் ஒடிஸியின் வெப்பக் கேமரா, பிக்சலுக்கு 100 மீட்டர். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இரவிலும் பார்க்கும்: பாறை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தூசி சீக்கிரம் ஆறிவிடும். சமவெளியின் வயதைக் கணக்கிட (குழி கூடினால் வயதும் கூடுதல் என்பது கணக்கு) ஹைரைஸில் சின்னக் குழிகளை எண்ண ஆரம்பிக்கிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஸூனில் என்ற 10 கி.மீ. குழியிலிருந்து தெறித்த கற்கள் தொலைதூரம் வரை சுமார் ஒரு கோடி சின்னக் குழிகளைத் தோண்டியிருக்கின்றன. எல்லாம் ஒரே மோதலில் வந்தவை, வயதை எண்ண உதவாதவை. அவை விழுந்த கதிர்க்கோடுகள் காட்சிப் படங்களில் பெரிதாகத் தெரியவில்லை, தெமிஸின் வெப்பப் படங்களில் தெரிந்தன. அந்த 2005 ஆய்வின் முதல் ஆசிரியர் ஆல்ஃப்ரெட் மெக்யூன், நீண்ட காலம் ஹைரைஸ் திட்டத்தின் தலைவராக இருந்தவர்.