மலைச்சரிவு கார் ஷெட்டுக்கு எது: ஷட்டர் மோட்டாரா, பேனல் கதவா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சரிவை வெட்டிக் கட்டிய கார் ஷெட்டுகளில் இடம்தான் முதல் சிக்கல். பேனல் கதவு என்பது கீல் வைத்து இணைத்த அகலப் பலகைகளாலான கதவு. அது மேலேறிக் கூரைக்கடியில் போய்ப் படுக்க, கதவின் உயரத்தைவிட நீளமான தண்டவாளமும் அதைத் தாங்கும் உறுதியான சட்டமும் வேண்டும். ரோலிங் ஷட்டர் வாசலுக்கு மேலேயே சுருண்டுகொள்ளும். வெறும் தகரக் கூரை என்றால் ஷட்டரே பொருந்தும்.

பாதுகாப்பில் பேனல் கதவுதான் மேல். தடை பட்டால் அதன் மோட்டார் கதவைத் திருப்பி ஏற்றிவிடும். 4 செ.மீ. கனப் பலகையை வாசலில் படுக்கவைத்துக் கதவை இறக்குங்கள். பட்ட 2 விநாடிக்குள் திரும்ப வேண்டும். வாசலின் குறுக்கே ஒளிக்கற்றை விட்டுத் தடையை உணரும் சென்சார் தரையிலிருந்து 15 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. மூடுபனியில் அதன் கண்ணாடியில் ஈரம் படிந்தால் கதவு இறங்க மறுக்கும். உலர்ந்த துணியால் துடையுங்கள். தொல்லை என்று சென்சாரைத் துண்டித்துவிடாதீர்கள், குழந்தையைக் காப்பது அதுதான்.

ஷட்டரின் சாதாரண பக்கவாட்டு மோட்டாரில், தடை பட்டால் திரும்பும் இந்த வசதி பெரும்பாலும் கிடையாது. ஆகவே ரிமோட் வேண்டாம்; அழுத்திப் பிடித்தால் மட்டுமே ஓடும் சுவிட்சை, வாசல் முழுதும் தெரியும் இடத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் வையுங்கள்.

பேனல் கதவுக்கு மோட்டார் மாட்டுமுன் கையால் பாதி தூக்கிக் கையை எடுங்கள். அங்கேயே நிற்காவிட்டால் ஸ்பிரிங் சமநிலை சரியில்லை. அப்படியே மாட்டினால் பல்சக்கரம் தேயும். முறுக்கேறிய ஸ்பிரிங்கை மட்டும் பழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கரண்ட் போனால் ஷட்டருக்குக் கைச்சங்கிலி, பேனல் கதவுக்கு, மோட்டாரிலிருந்து கதவை விடுவிக்கும் சிவப்புக் கயிறு. கயிற்றைக் கதவு மூடியிருக்கும்போதே இழுங்கள். இரண்டுக்குமே எர்த்தும், மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம்.