ஏபிஎஸ் விளக்கு: சென்சாரைத் துடைப்பதா, மாற்றுவதா?

ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதிதான் இருக்காது. ஹேண்ட்பிரேக்கை இறக்கியும் சிவப்பு பிரேக் விளக்கு சேர்ந்து எரிந்தால், வண்டியை எடுக்கவே வேண்டாம்.

சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார்களில் எந்தச் சக்கரத்துடையது பழுது என்று, வண்டியின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பாருங்கள். மலிவான ஸ்கேனர்கள் பலவும் இன்ஜின் குறியீடுகளோடு நின்றுவிடும்.

செலவு: துடைக்கத் துணியும் பிரேக் கிளீனரும் போதும். மாற்றினால் சென்சார் விலை, அப்புறம் கூலி.

சிரமம்: இரண்டுக்கும் கழற்றத்தான் வேண்டும். துருப்பிடித்த சென்சார் பாதியில் உடைந்து வந்தால், முடிவு உங்கள் கையில் இல்லை.

பலன்: முனையில் ஒட்டிய இரும்புத்தூள்தான் காரணமென்றால் துடைத்ததும் சரியாகிவிடும். உள்ளே கம்பி அறுந்திருந்தால் துடைத்துப் பயனில்லை. பழைய காந்த ரகம் மல்டிமீட்டரில் பெரும்பாலும் 1,000 ஓம்ஸை ஒட்டிக் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சென்சார் போய்விட்டது. மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் புதிய ஆக்டிவ் ரகத்துக்கு இந்தச் சோதனை செல்லாது. சக்கரத்தோடு சுழலும், சென்சார் படிக்கும் பல் வளையத்தில் விரிசல் என்றால் இரண்டு வழியுமே வீண்.

விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் முதலில் துடையுங்கள், கனெக்டரையும் சேர்த்து. ஸ்கேனரில் குறியீட்டை அழித்த உடனே அது திரும்ப வந்தால், வயரைச் சோதித்துவிட்டு சென்சாரை மாற்றிவிடுங்கள்.