பிரேக் மேம்பாடு என்ற பெயரில் 2,180 பவுண்ட்: பழைய எம்ஜிபி வைத்திருப்போர் கவனத்துக்கு

இங்கிலாந்தில் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நண்பர்கள், பிரேக்கை மேம்படுத்தித் தருவதாகச் சொல்லும் ஒர்க்‌ஷாப்பிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். 2,180 பவுண்ட் செலவழித்துப் புதிதாகப் பொருத்திய பிரேக், பதினோராவது நாளில் ஒரு ரவுண்டபவுட்டை நெருங்கும்போது முழுவதுமாகக் கைவிட்டது. ஒர்க்‌ஷாப்பின் பெயரை எழுதப் போவதில்லை. என்னென்ன செய்தார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

என்னுடையது 1967இல் ஆபிங்டன் தொழிற்சாலையில் உருவான எம்ஜிபி ரோட்ஸ்டர். முன்சக்கரங்களில் 10.75 அங்குல டிஸ்க், பின்சக்கரங்களில் 10 அங்குல டிரம். பெடலுக்கு உதவும் சர்வோ கிடையாது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் சுற்றுதான் என்பதால், எங்கேனும் ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போய்விடும். ஆனாலும் 1,798 சிசி எஞ்சினுக்கு, நன்றாகப் பராமரித்த பழைய பிரேக்கே தாராளமாகப் போதும். இதை நான் கற்றுக்கொண்டது பின்னால்தான். அப்போது எனக்கிருந்த பிரச்சினை ஒன்றே ஒன்று: சில்ட்டர்ன் குன்றுகளிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் கார் இடப்பக்கமாக இழுத்தது. ஏன் இழுக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்றாமல், "இந்தக் காலப் போக்குவரத்துக்கு இந்தப் பிரேக் தாங்காது, மொத்தமாக மாற்றிவிடலாம்" என்று பதில் வந்தது. நோயைக் கேட்காமலே மருந்துச் சீட்டு எழுதும் வைத்தியரிடம் யாராவது உடம்பைக் கொடுப்பார்களா? நான் காரைக் கொடுத்தேன்.

நான்கு பிஸ்டன் கொண்ட அலுமினிய காலிப்பர்கள் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகங்கள்), புதிய டிஸ்க்குகள், எஃகுப் பின்னல் ஹோஸ்கள் (ஆயில் போகும் வளையும் குழாய்கள்), புதிய மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் பாகம்), பின்சக்கர டிரம்களைத் திறந்து சரிபார்த்தல் ஆகிய அனைத்துக்கும் சேர்த்து 1,450 பவுண்ட் என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்துப் போனபோது பில் 2,180 ஆகியிருந்தது. கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். அட்டைப்பெட்டியில் காலிப்பர்கள், டிஸ்க்குகள், ஹோஸ்கள் எல்லாம் இருந்தன. பழைய மாஸ்டர் சிலிண்டர் மட்டும் இல்லை. குப்பையில் போய்விட்டது என்றார்கள். கம்பிச் சக்கரத்துக்குள்ளே பளீரென்று தெரிந்த சிவப்பு காலிப்பரைப் பார்த்த மகிழ்ச்சியில் நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

வீட்டுக்கு ஓட்டி வரும்போதே பெடல் முன்பைவிட ஆழமாக இறங்கியது. தொலைபேசியில் கேட்டதற்கு, புதிய பேட்கள் (டிஸ்க்கில் உரசும் பட்டைகள்) படியும் வரை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பேட் படியாவிட்டால் பிடிப்பு குறையும்; பெடல் ஆழமாக இறங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பதினோராவது நாள், முப்பது மைல் வேகத்தில் ரவுண்டபவுட்டை நெருங்கி மிதித்தபோது பெடல் தரையைத் தொட்டது. கைபிரேக் தனிக் கம்பி வழியாகப் பின் டிரம்களை இயக்குவதால் அது மட்டும் வேலை செய்தது. கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து, புல்தரையில் ஏற்றி நிறுத்தினேன். முன் வலச்சக்கரத்தின் உட்புறம் முழுவதும் பிரேக் ஆயில்.

இழுவை வண்டியில் ஏற்றி வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். நாற்பது ஆண்டுகளாக இத்தகைய கார்களில் கை வைத்தவர். வலப்பக்க ஹோஸின் முனையைக் கையில் எடுத்ததுமே தலையசைத்தார். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்களின் பிரேக் குழாய் இணைப்புகளில் இருப்பது எட்டில் மூன்று அங்குல யூஎன்எஃப் மரை, அதாவது அங்குலக் கணக்கில் வெட்டிய நெருக்கமான திருகு மரை. அங்குலத்துக்கு 24 சுற்று, விட்டம் 9.525 மில்லிமீட்டர். புதிய காலிப்பரிலோ 10 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்ட மெட்ரிக் மரை. விட்டத்தில் வேறுபாடு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, மரை இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அங்குல முனை மெட்ரிக் துளைக்குள் தாராளமாக நுழையும், கடைசியில் இறுகுவது போலவும் தோன்றும். உண்மையில் மரையின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் ஏறும் அழுத்தத்தில் மென்மையான அலுமினிய மரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒருநாள் முனை வெளியே வந்துவிடும். இடப்பக்கத்தையும் திறந்து பார்த்தோம். அங்கேயும் பாதி மரை போயிருந்தது.

மற்றவை அடுத்தடுத்து வெளிவந்தன. பில்லில் பணம் வாங்கிய "புதிய" மாஸ்டர் சிலிண்டர், முந்தைய ஆண்டு என் ஸ்பேனர் வழுக்கிக் கீறிய அதே பழைய சிலிண்டர். முக்கால் அங்குலத் துளையுள்ள அது தள்ளும் ஆயில், மொத்தப் பரப்பு கூடுதலான புதிய பிஸ்டன்களை நகர்த்தப் போதவில்லை. பெடல் ஆழமாக இறங்கியதன் காரணம் அதுதான். கம்பிச் சக்கரத்தில் உரசாதிருக்க காலிப்பரின் விளிம்பைக் கிரைண்டரால் ராவியிருந்தார்கள். பின் டிரம்களைத் தொடவே இல்லை. ஒரு பக்கத்தின் லைனிங் அச்சு ஆயிலில் ஊறிக் கிடந்தது.

ஒர்க்‌ஷாப்பிடம் கேட்டபோது, பழைய கார் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று கைவிரித்தார்கள். நல்லவேளையாக முன்பணம் 500 பவுண்டைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75ஆம் பிரிவின்படி, விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருந்தால், ஒரு பகுதியை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனம் கூட்டுப் பொறுப்பு. இரண்டாவது மெக்கானிக்கின் எழுத்துபூர்வ அறிக்கையையும் படங்களையும் அனுப்பி வைத்தேன். ஒன்பது வாரத்தில் முழுப் பணமும் திரும்பியது. பில்லை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

கார் இப்போது அட்டைப்பெட்டியில் வந்த அதே பழைய காலிப்பர்களோடு ஓடுகிறது. வலப்பக்கத்தில் ஒரு பிஸ்டன் துருவேறி நகராமல் நின்றிருந்தது. இடப்பக்கமாக இழுத்ததற்குக் காரணம் அவ்வளவுதான். துருப்பிடிக்காத எஃகு பிஸ்டன்கள், ரப்பர் சீல்கள், புதிய ஹோஸ்கள் எல்லாம் சேர்த்து 260 பவுண்ட் ஆயிற்று.

நாற்பது ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2018 மே முதல் எம்ஓடி எனும் வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை பொதுவாகக் கட்டாயமில்லை என்பதால், இத்தகைய வேலையை மூன்றாவது கண் ஒன்று பார்க்கும் வாய்ப்பும் குறைவு. உங்கள் காரில் மாற்று காலிப்பர் ஏற்கெனவே பொருத்தியிருந்தால், ஓட்டுவதற்கு முன் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் ஹோஸ் முனையைக் கழற்றி, மீண்டும் விரலால் மட்டும் இரண்டு மூன்று சுற்று திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் முனை வழக்கத்துக்கு மீறிப் பக்கவாட்டில் ஆடினால், இரண்டு மரைகளையும் அளந்து பார்க்கும் வரை காரை எடுக்க வேண்டாம்.