ஏஐ கருவியா, ஃப்ரெஷரா?

கோடு எழுதித் தரும் ஏஐ கருவியான கிட்ஹப் கோபைலட்டின் தனிநபர் சந்தா மாதம் 10 டாலரில் தொடங்குகிறது. சென்னையில் பெரிய ஐடி சேவை நிறுவனத்தில் படிப்பு முடித்த கையோடு சேரும் ஃப்ரெஷருக்கு ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் ரூபாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு 'இனி ஆள் எதற்கு?' என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள்.

வேகத்தில் போட்டியே கிடையாது. ஃபார்ம் பக்கம், ரெகெக்ஸ் (எழுத்துகளில் ஒரு வடிவத்தைத் தேடும் குறியீடு), யூனிட் டெஸ்ட் (கோடின் சிறு பகுதியைச் சரிபார்க்கும் சோதனை) என்று ஃப்ரெஷர் ஒரு நாள் முழுக்க உட்காரும் வேலையைக் கருவி சில நிமிடங்களில் முடித்துவிடும்.

சிக்கல் வேறு இடத்தில். ஒரு பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு ஒரு ஆர்டர் வருகிறது. டேட்டாபேஸில் நேரம் யூடிசி கணக்கில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில், பதிவாவதால் அங்கே மார்ச் 31 இரவு 8:30 என்று இருக்கும். அதை அப்படியே எடுத்தால், அந்த விற்பனை போன நிதியாண்டில் போய் உட்கார்ந்துவிடும். 'தேதி தப்பாக வருகிறது, சரிசெய்' என்று கருவியிடம் சொன்னால், அந்த ஒரு அறிக்கையில் மட்டும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டு, டெஸ்ட் பாஸ் என்று சொல்லிவிட வாய்ப்பு அதிகம். நல்ல ஃப்ரெஷர் எழுந்து வந்து, "அண்ணா, அக்கவுண்ட்ஸ்ல எந்தத் தேதிய எடுத்துக்குவாங்க? வேற எந்த ரிப்போர்ட்லலாம் இது வருது?" என்று கேட்பார். கிடைத்த பதில் அவர் மனதில் தங்கும்; ஜிஎஸ்டி மாட்யூலில் இதே கோளாறு வந்தால் அவரே பிடித்துவிடுவார். கருவிக்கோ பெரும்பாலும் நாம் குறிப்பு எழுதி வைத்தால்தான் உண்டு.

சரி, சீனியர்கள் கையில் கருவியைக் கொடுத்தால் போதாதா? 2025-ல் மீட்டர் (METR) என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்களை அவர்களுக்குப் பழக்கமான புராஜெக்ட்களிலேயே சோதித்தது. ஏஐ வைத்துச் செய்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் சீக்கிரம் முடித்ததாக நினைத்தார்கள். கருவிகள் அதற்குப் பிறகு தேறியிருக்கின்றன, உண்மைதான். ஆனால் கருவி எழுதித் தள்ளுவதைப் படித்துப் பார்க்க விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும். ஃப்ரெஷர்களை எடுப்பதையே நிறுத்திவிட்டால், ஐந்தாறு வருடம் கழித்து அந்த ஒருவர் எங்கிருந்து வருவார்? எனக்கு உண்மையாகவே கவலை தருவது இதுதான்.

முடிவு என் கையில் இருந்தால், ஃப்ரெஷரை எடுத்து அவருக்கே சந்தாவும் வாங்கிக் கொடுப்பேன். முதல் ஆறு மாதம் பக், அதாவது கோடில் உள்ள கோளாறு, தேடுவதை மட்டும் கருவி இல்லாமல் செய்யச் சொல்வேன். அப்புறம், ரிவ்யூவுக்கு அனுப்பும் கோடில் எந்த வரியைக் காட்டிக் கேட்டாலும் அது ஏன் அங்கே இருக்கிறது என்று அவர் சொல்ல வேண்டும்.